கையால் எழுதியதைத் தமிழ் எழுத்துருவாக மாற்றும் டிஜிட்டல் பேனா: யாராவது பயன்படுத்துகிறீர்களா?

வயல்வெளி:
வணக்கம் நண்பர்களே. டெல்டா மாவட்டங்களில் வயதான விவசாயிகளைப் பார்த்துப் பேசி, நெல் வகைகள், பழைய கருவிகள், பாசன முறைகள் பற்றிய சொற்களைச் சேகரித்து வருகிறேன். எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் பேனாவால்தான். பகலில் எழுதியதை இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். அந்த இரண்டாவது வேலைதான் ஆளைத் தின்கிறது. தட்டச்சு ஆகாத நோட்டுகள் அலமாரியில் ஏறிக்கொண்டே போகின்றன.

ஃபோனில் பதிவு செய்யலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். களத்துமேட்டில் காற்று அடிக்கும், மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அதைவிட, ஃபோனை முன்னால் வைத்தாலே பெரியவர்களின் பேச்சு மாறிவிடுகிறது. வீட்டில் புழங்கும் சொல்லை விட்டுவிட்டு மேடைத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள். நோட்டும் பேனாவும் யாரையும் உறுத்துவதில்லை.

தாளில் எழுதினால் அப்படியே கணினியில் எழுத்தாக வரும் பேனா இருக்கிறதாமே, அது தமிழுக்கு உதவுமா? நான் வேகமாக எழுதும்போது மெய்யெழுத்துக்குப் புள்ளியை உடனே வைக்க மாட்டேன். வரி முடிந்ததும் மொத்தமாக வைப்பேன். நடுநடுவே ஆங்கிலமும் வரும். எதை வாங்கலாம்?

மைக்கூடு:
பேனாவே தேவையில்லை அக்கா. நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள், வேலை முடிந்தது.

தண்டவாளம்:
வயல்வெளி, உங்கள் கேள்விக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பேனா போகிற பாதையைப் பிடிப்பது ஒன்று. அந்தப் பாதையைப் பார்த்து இது ககரம், இது மகரம் என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. முதலாவது பேனாவின் வேலை, இரண்டாவது மென்பொருளின் வேலை. விளம்பரங்களில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுவதால்தான் வாங்குகிறவர்கள் குழம்புகிறார்கள். பாதையைப் பிடிப்பது இன்று ஏறக்குறைய முடிந்துபோன பிரச்சினை. தமிழில் சிக்கலெல்லாம் இரண்டாவதில்தான்.

பாதை பிடிக்கும் முறைகளில் மிகவும் நுட்பமானது, அனோட்டோ என்ற சுவீடன் நிறுவனம் கொண்டுவந்த புள்ளித்தாள். பார்த்தால் லேசான சாம்பல் நிறத் தாள், அவ்வளவுதான். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் முழுக்கப் புள்ளிகள். 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு கற்பனைக் கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் அந்தக் கட்டத்தின் சந்திப்பில் சரியாக உட்காராமல் மேலே, கீழே, இடது, வலது என ஏதாவது ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கும். புள்ளிக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளியையும் வேண்டுமென்றே ஒரு மயிரிழை நகர்த்தி வைத்த மாதிரி. அந்த நகர்வுதான் தகவல். 6க்கு 6 புள்ளிகள் கொண்ட சின்னச் சதுரத்தைப் பார்த்தாலே, எந்தப் பக்கத்தில் எந்த இடம் என்று பேனா சொல்லிவிடும். சதுரத்தின் அகலம் 2 மி.மீ.கூட வராது. மொத்த வடிவமும் 6 கோடி சதுர கிலோமீட்டர் பரப்பை நிரப்பும். ஆசியாவையும் ஐரோப்பாவையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரிது. அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிப் புள்ளி வடிவம் கொடுக்க முடிகிறது.

பேனா முனைக்குப் பக்கத்தில் அகச்சிவப்பு விளக்கும் ஒரு குட்டிக் கேமராவும் இருக்கும். முனை தாளில் அழுந்தியதும் கேமரா வேலையைத் தொடங்கி, நொடிக்குப் பல பத்துப் படங்கள் எடுக்கும். நோட்டை மடியில் வைத்து எழுதினாலும் சாய்த்து எழுதினாலும், பத்தாம் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பி வந்து ஒரு சொல்லைச் செருகினாலும், சரியான இடத்தில் போய் உட்காரும். களத்தில் எழுதுகிற உங்களுக்கு இது பெரிய விஷயம்.

மையில் மட்டும் கவனம் வேண்டும். புள்ளிகள் கார்பன் கலந்த கறுப்பில் அச்சிடப்படுகின்றன. அது அகச்சிவப்பை உறிஞ்சும். பேனாவின் மையிலும் கார்பன் இருந்தால், நீங்கள் போட்ட கோடே புள்ளிகளை மறைத்துவிடும். அடித்து எழுதுகிற இடங்களில் முதலில் தகராறு செய்யும். பேனாவோடு வருகிற ரீஃபில், இல்லையென்றால் அதே நிறுவனம் பரிந்துரைக்கிற ரீஃபில் மட்டும் போடுங்கள்.

உப்பளம்:
புள்ளித்தாள் விலை அதிகம் என்று நான் வேறு வகை ஒன்றை வைத்திருந்தேன். தாளின் தலைப்பில் ஒரு கிளிப்பைச் செருக வேண்டும். பேனா மீயொலியும் அகச்சிவப்பும் அனுப்பும், இரண்டும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துக் கிளிப் இடத்தைக் கணக்கிடும். எந்தத் தாளிலும் எழுதலாம் என்பது அதன் வசதி. ஆனால் எழுதும்போது கிளிப் அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலும், அதற்குப் பிறகு எழுதிய வரிகளெல்லாம் முன்வரிகளின் மேலேயே ஏறிவிடும். பக்கம் திருப்பும்போது கிளிப்பில் இருக்கிற பொத்தானை அமுக்க மறந்தால், இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குச் சரி. வரப்பில் நின்று எழுதுகிறவருக்கு வேண்டவே வேண்டாம்.

தண்டவாளம்:
மைக்கூடு, படம் எடுக்கும் யோசனையை நான் தள்ளவில்லை. அச்செழுத்துக்கு லென்ஸ் அருமையாக இருக்கிறது. ஆனால் கையெழுத்தில் படத்துக்கும், பேனா போன பாதையின் பதிவான பேனாத் தடத்துக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. படத்தில் இருப்பது முடிந்துபோன மைக்கோடு மட்டும். எது முதலில் எழுதப்பட்டது, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் இழுத்தார்கள், பேனா எங்கே எழும்பியது என்பதெல்லாம் போய்விடும். தடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இடத்தோடு நேரமும் இருக்கும். இரண்டு எழுத்துகள் முட்டிக்கொண்டிருந்தால் படத்தைப் பார்க்கிற மென்பொருள் திணறும். தடத்தைப் பார்க்கிற மென்பொருளுக்கு அவை தனித்தனியாகவே வந்து சேரும். தாளின் நிழல், மறுபக்க மை ஊறல், கோடு போட்ட நோட்டின் வரிகள் எதுவும் தடத்தில் வராது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
இந்தப் பேனாக்களின் வரலாற்றைக் கொஞ்சம் தொடர்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அனோட்டோ முறையை வைத்து 2002இல் லாஜிடெக் நிறுவனம் ஒரு பேனா வெளியிட்டது, தடித்த சுருட்டு அளவில். நோக்கியாவும் ஒன்று கொண்டுவந்தது. 2005இல் லீப்ஃபிராக், குழந்தைகளுக்காகப் பேசும் பேனா ஒன்றை விற்றது. 2008இல் லைவ்ஸ்கிரைப் நிறுவனத்தின் பல்ஸ் வந்தது, 2010இல் எக்கோ. அந்த இரண்டிலும் பேனாவுக்குள்ளேயே ஒலிப்பதிவு இருந்தது. பேச்சைக் கேட்டுக்கொண்டே எழுதலாம். பிறகு எழுதிய சொல்லின் மேல் முனையை வைத்துத் தட்டினால், அந்தச் சொல்லை எழுதிய நேரத்தில் பேசப்பட்டது அப்படியே ஒலிக்கும். 2013இல் வந்த லைவ்ஸ்கிரைப் 3 ஒலிப்பதிவை ஃபோனிடம் விட்டுவிட்டது. 2015இல் அனோட்டோவே லைவ்ஸ்கிரைப்பை வாங்கிக்கொண்டது. கொரியாவின் நியோ ஸ்மார்ட்பென் இதே மாதிரி புள்ளித்தாளில் தன் சொந்த வடிவத்தை வைத்து வந்தது. 2016இல் மோல்ஸ்கைன் நோட்டுகளோடு விற்ற பேனாவும் நியோ செய்ததுதான்.

வயல்வெளி அம்மாவுக்கு எக்கோ போன்ற பேனா பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் சொல்லின் மேல் தட்டிக் கேட்டுக்கொள்ளலாம். சொல் சேகரிப்பவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

பனையோலை:
வாத்தியார் ஐயா, மன்னிக்கவும், இதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபோனைப் பார்த்தால் பேச்சு மாறுகிறது என்கிறார். அதற்காக, பார்த்தால் வெறும் பேனா, உள்ளே பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று போனால் அது அந்தப் பெரியவர்களை ஏமாற்றுவதாகாதா? குடும்பச் சண்டை, நிலத்தகராறு, பக்கத்து வீட்டுக்காரர் பற்றியெல்லாம் பேச்சுவாக்கில் வரும். அதெல்லாம் பதிவாகிறது என்று தெரிந்தால் பேசியிருப்பார்களா?

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
சொல்லிவிட்டுத்தான் பதிய வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. நான் அதை எழுதியிருக்க வேண்டும்.

வயல்வெளி:
பனையோலை சொல்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒலிப்பதிவு வேண்டாம். பேச்சு முடிந்த பிறகு சந்தேகமான சொற்களை மட்டும் ஒருமுறை சொல்லச் சொல்லி, அனுமதி கேட்டு ஃபோனில் பதிந்துகொள்கிறேன். அதை எல்லோரும் சந்தோஷமாகவே செய்து தருகிறார்கள்.

சரி, தமிழ் விஷயத்துக்கு வாருங்கள். மென்பொருள் தமிழைப் படிக்குமா, படிக்காதா?

நிரல்நெய்தல்:
படிக்கும். எனக்குத் தெரிந்த துறை இது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தமிழ்க் கையெழுத்து ஆய்வு இன்று நேற்று தொடங்கியதல்ல. பெங்களூரில் எச்.பி. ஆய்வகம் டேப்லெட் கணினிகளில் தமிழ் எழுத்துகளை எழுத வைத்து ஒரு தொகுப்பு உருவாக்கியது. எழுதியவர்கள் பெங்களூரிலும் சேலத்திலும் இருந்த தமிழர்கள். பள்ளிப் பிள்ளைகள், பட்டதாரிகள், பெரியவர்கள் எல்லோரும் உண்டு. 2006இல் பிரான்சில் நடந்த கையெழுத்து ஆய்வரங்கை ஒட்டி அந்தத் தொகுப்பை வைத்து ஒரு போட்டியே நடந்தது. இந்திய அறிவியல் கழகத்திலும் இதில் தொடர்ந்து வேலை நடந்திருக்கிறது.

அந்தத் தொகுப்பில் 156 வடிவங்கள். தமிழுக்கு 247 எழுத்தாயிற்றே, கிரந்தத்தையும் சேர்த்தால் இன்னும் கூடுமே என்று கேட்பீர்கள். 'கா' என்பதை ககரமும் துணைக்காலும் என இரண்டு வடிவமாகப் பிரித்துவிடலாம். 'கெ', 'கே', 'கை' எல்லாம் கொம்பும் ககரமும்தான். ஆனால் 'கி', 'கு', 'கூ' போன்றவற்றில் உயிர்க்குறி மெய்யோடு ஒட்டிக்கொள்வதால் அவற்றைத் தனி வடிவமாகவே கற்றுக்கொடுக்க வேண்டும். 'கு', 'டு', 'து', 'பு' நான்கும் நான்கு விதமாகச் சுழிக்கிறதே, ஒரே விதியில் அடக்க முடியுமா?

அடுத்த சிக்கல் வரிசை. கையால் 'கொ' எழுதும்போது முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், கடைசியில் துணைக்கால். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். மென்பொருள் மூன்று துண்டுகளையும் சேர்த்து, மாற்றி அடுக்க வேண்டும். துணைக்காலும் ரகரமும் பலர் கையெழுத்தில் ஒன்றாகவே இருக்கும். ஔகாரக் குறியும் ளகரமும் அப்படித்தான். வடிவத்தை வைத்து மட்டும் இவற்றைத் தீர்க்க முடியாது, அக்கம்பக்கத்து எழுத்துகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வயல்வெளி, வரி முடிந்ததும் மொத்தமாகப் புள்ளி வைக்கும் உங்கள் பழக்கம் இதில் தனி அத்தியாயம். நேர வரிசையில் பார்த்தால் உங்கள் வரியில் முதலில் புள்ளியில்லாத எழுத்துகள், கடைசியில் வரிசையாகப் புள்ளிகள். எந்தப் புள்ளி எந்த எழுத்தின் தலைக்கு மேல் இருக்கிறது என்று இடத்தை வைத்து மென்பொருள் பொருத்திப் பார்க்கும். கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வைத்தால் அடுத்த எழுத்துக்குப் போய்விடும். 'பட்டம்' என்பது 'படட்ம' என்று வரும். சொல் முடிந்தவுடன் புள்ளி வைக்கப் பழகினால் துல்லியம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும்.

கூகுள் 2015இல் ஆண்ட்ராய்டுக்குக் கையெழுத்து உள்ளீட்டுச் செயலி வெளியிட்டபோதே 82 மொழிகளில் தமிழும் இருந்தது. இப்போது ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைக் கையெழுத்து வகையில் சேர்த்துக்கொண்டால் விரலாலோ கோலாலோ எழுதலாம். தெளிவான எழுத்துக்கு நன்றாகவே படிக்கிறது. அதே தொழில்நுட்பத்தை நிரலாளர்கள் பயன்படுத்தும் தொகுப்பாகவும் 2020இல் கொடுத்துவிட்டார்கள். மொழிக்கோப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

பேனா நிறுவனங்களின் செயலிகளில் தமிழ் உண்டா என்பது வேறு கேள்வி. பெட்டியில் பல மொழி என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். செயலியை முதலில் ஃபோனில் இறக்கி, மாற்றும் மொழிகளின் பட்டியலில் தமிழ் என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

மைக்கூடு:
அப்படியானால் ஒரு டேப்லெட்டும் எழுதுகோலும் வாங்கி, நேராக ஜிபோர்டில் எழுதிவிடலாமே? எதற்குப் புள்ளித்தாள்?

உப்பளம்:
வெயிலில் கண்ணாடித் திரையைப் படித்துப் பாருங்கள், தெரியும்.

வயல்வெளி:
வெயில் மட்டுமல்ல. விசைப்பலகைக் கட்டத்துக்குள் ஒவ்வொரு சொல்லாக எழுதி, அது மாறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் எதிரில் பேசுகிறவர் முகத்தை எப்போது பார்ப்பது? ஏர்க்கலப்பையின் படம் வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவேன். பக்கத்து ஓரத்தில் செங்குத்தாகக்கூட எழுதுவேன். அதற்குத் தாள்தான் வசதி.

நிரல்நெய்தல்:
சரியாகச் சொன்னீர்கள். அப்புறம், உங்கள் வேலைக்கென்றே ஒரு எச்சரிக்கை. இந்த இழையில் நான் சொல்ல வந்ததில் இதுதான் தலையானது.

கையெழுத்து மென்பொருள் வடிவத்தை மட்டும் பார்ப்பதில்லை. இப்படி ஒரு சொல் மொழியில் வருமா, எவ்வளவு அடிக்கடி வரும் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறது. செய்தித்தாள் தமிழுக்கு அது வரம். வட்டார வழக்குக்கு ஆபத்து. ஒரு நெல்லின் பெயரையோ மடைக்குச் சொல்கிற பேச்சுச் சொல்லையோ நீங்கள் எழுதுகிறீர்கள். அதற்கு அந்தச் சொல் தெரியாது. வடிவத்தில் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற, அதற்குத் தெரிந்த வேறு சொல்லைப் போட்டுவிடும். சிவப்புக் கோடு வராது, எச்சரிக்கை வராது. பார்க்க நல்ல தமிழாகவே இருக்கும். நீங்கள் தேடிப் போன சொல் மட்டும் அங்கே இருக்காது.

ஆப்பிள் 1993இல் நியூட்டன் என்ற கையடக்கக் கணினியை விற்றபோது அதில் பெரிய குறையாகப் பேசப்பட்டது இதுதான். எழுதிய சொல் அகராதியில் இல்லையென்றால் வேறு சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தியது. பின்னால் வந்த பதிப்பில் எழுத்து எழுத்தாகப் படிக்கும் முறையைச் சேர்த்த பிறகுதான் சீரானது. முப்பது வருடத்தில் தொழில்நுட்பம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனால் அரிய சொல்லுக்கு அந்த ஆபத்து இன்றும் இருக்கிறது.

அதனால் என் கருத்து: மாற்றிக் கிடைக்கிற எழுத்தைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூலம் என்பது உங்கள் கைத்தடம்தான். 'மடை' என்று தேடினால் அந்தப் பக்கம் வர வேண்டும், வந்ததும் உங்கள் கையெழுத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அச்சுக்குப் போகிற எதையும் தடத்தோடு ஒப்பிடாமல் அனுப்பாதீர்கள்.

தண்டவாளம்:
நானும் இதையேதான் சொல்வேன். இன்னொரு காரணமும் உண்டு. தடத்தைப் பத்திரமாக வைத்திருந்தால், ஐந்து வருடம் கழித்து நல்ல மென்பொருள் வரும்போது பழைய நோட்டையெல்லாம் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். வெறும் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு தடத்தை அழித்துவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

உப்பளம்:
தடத்தை எங்கே வைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் வாங்கிய பேனாவின் நிறுவனம் செயலியைப் புதுப்பிப்பதையே நிறுத்திவிட்டது. புது ஃபோனில் அந்தச் செயலி ஏறவே மாட்டேன் என்கிறது. என் குறிப்புகள் பழைய ஃபோனுக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. பேனா இன்னும் நன்றாக எழுதுகிறது, என்ன பயன்?

நிரல்நெய்தல்:
ஒவ்வொரு வாரமும் இரண்டு வடிவில் வெளியே எடுத்துவிடுங்கள். பார்ப்பதற்கு பி.டி.எஃப். தடத்துக்கு, செயலி விட்டால், பேனாத் தடத்துக்கென்றே உள்ள இங்க்எம்எல் என்ற கோப்பு வடிவம். அது 2011இல் வலைத்தரக் குழு ஏற்றுக்கொண்ட பொதுத் தரம், புள்ளிகளை நேரத்தோடு சேமிக்கும். அது இல்லையென்றால் கோடுகளாகச் சேமிக்கும் பட வடிவமான எஸ்.வி.ஜி.யாவது எடுங்கள், கோடுகளாவது தனித்தனியாக மிஞ்சும். இரண்டுமே தராத செயலி என்றால் அந்தப் பேனாவே வேண்டாம். நியோ தன் பேனாவுக்கான நிரல் தொகுப்பை வெளியில் கொடுத்திருக்கிறது. அதை வைத்துத் தடத்தை எடுத்து, வரி வரியாகப் பிரித்து, முன்பு சொன்ன கூகுளின் கையெழுத்து நிரல் தொகுப்புக்குக் கொடுத்துப் பார்த்தேன். முழுப் பக்கத்தையும் மொத்தமாகக் கொடுப்பதைவிட ஒவ்வொரு வரியாகக் கொடுத்தால் விளைவு நன்றாக இருக்கிறது. ஆங்கிலச் சொல் கலந்த வரிகளில்தான் தடுமாறுகிறது. ஆங்கில எழுத்தையும் தமிழ் எழுத்தாகவே படிக்கப் பார்க்கிறது. வயல்வெளி, உங்களுக்கு வேண்டுமானால் அந்தச் சின்ன நிரலைத் தருகிறேன்.

யாழ்_கரை:
வணக்கம், இடையிலை ஒரு கேள்வி. அப்பப்பாவின்ரை பழைய கொப்பிகள் கொஞ்சம் எங்களிட்டை இருக்கு. இந்தப் பேனாவாலை அதுகளை மாத்தலாமோ?

தண்டவாளம்:
முடியாது. இந்தப் பேனாக்கள் புதிதாக எழுதுகிற தடத்தைத்தான் பிடிக்கும். கொப்பிகளை முதலில் நல்ல ஸ்கேனரில், வண்ணத்தில், அங்குலத்துக்கு 400 புள்ளி அடர்த்தியாவது (dpi) வைத்துப் படமெடுத்து வையுங்கள். படிக்கும் வேலை பிறகு. பழைய கையெழுத்தில் 'ணை', 'லை', 'னை' எல்லாம் துதிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கும். தமிழ்நாட்டில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். புதிய கையெழுத்தில் பழகிய மென்பொருள் அதைச் சரியாகப் படிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், குடும்பத்தில் ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்வதே நல்லது.

வயல்வெளி:
ஒரு நண்பரிடம் புள்ளித்தாள் பேனா இருந்தது, இரவல் வாங்கிக் களத்துக்குக் கொண்டுபோனேன். கூடவே நிரல்நெய்தல் அனுப்பிய நிரலையும் ஓட்டிப் பார்த்தேன்.

பேனா சாதாரணப் பேனாவைவிடத் தடிமன். கை பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பெரியவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும் வாங்கிப் பார்த்தார். நான் எழுதுவது ஃபோனில் தானாகத் தெரிவதைக் காட்டினேன். தன் பெயரையும் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பேச்சு அதன் பிறகும் இயல்பாகவே போனது.

தடம் அப்படியே வந்திருக்கிறது, கலப்பைப் படமும் அம்புக்குறிகளும் உட்பட. எழுத்தாக மாறியதில் சாதாரண வாக்கியங்கள் பெரும்பாலும் சரி. புள்ளியைச் சொல்லுக்குச் சொல் வைத்த பக்கங்கள், பழையபடி வைத்த பக்கங்களைவிட நன்றாகவே இருக்கின்றன. 'மாப்பிள்ளைச் சம்பா' சரியாக வந்தது. 'கிச்சிலிச் சம்பா'வில் கிச்சிலி வேறு ஏதோவாகிவிட்டது. நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. மூலமாகத் தடத்தையே வைத்துக்கொள்ளப் போகிறேன். இனி அரிய சொற்களைச் சுற்றி ஒரு வட்டம் போடுவதாக இருக்கிறேன், ஒப்பிடும்போது கண்ணில் படும்.

கடைசியாக ஒன்று. புள்ளித்தாள் நோட்டு தீர்ந்தால் நானே அச்சடித்துக்கொள்ள முடியுமா? என்னிடம் லேசர் அச்சுப்பொறி இருக்கிறது.

தண்டவாளம்:
முடியும், உங்கள் பேனாவின் நிறுவனம் அதற்கான பி.டி.எஃப். கொடுத்திருந்தால். குறைந்தது 600 புள்ளி அடர்த்தி வேண்டும். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் வையுங்கள். அளவு மாறினால் புள்ளி இடைவெளி கெட்டுவிடும். நீங்களாகக் கட்டங்களோ தலைப்போ சேர்ப்பதென்றால் கறுப்பில் சேர்க்காதீர்கள். லேசர் கறுப்பிலும் கார்பன் உண்டு, நீலத்தில் போடுங்கள். ஒரே தாளை இரண்டு படி எடுத்து இரண்டிலும் எழுதினால் பேனாவுக்கு இரண்டும் ஒரே பக்கம்தான். எழுதியது ஒன்றின் மேல் ஒன்று விழும். ஒவ்வொரு பக்க எண்ணையும் ஒருமுறைதான் அச்சடிக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு தாள் எடுத்து, நான்கு மூலையிலும் ஒரு சொல் எழுதிப் பாருங்கள். நான்கும் பதிந்தால் மீதியை அச்சடிக்கலாம்.